பழைய ஆம்பிளிஃபயருக்கு எந்த டிரான்சிஸ்டர்?

பழைய ஆம்பிளிஃபயர் ஒன்றில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டால் பழுதுபார்ப்பவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அதே எண்ணுள்ள பழைய சரக்கைத் தேடிப் பிடிக்கலாம். அதே எண் அச்சிட்டு இன்று விற்பதை வாங்கிப் போடலாம். அல்லது வேறு எண்ணில், இன்றும் உற்பத்தியில் இருக்கும் ஒன்றைத் தேர்ந்து போடலாம். இவற்றில் முதல் வழிக்குத்தான் மரியாதை. ஒரிஜினல் போட்டால்தான் பழைய சத்தம் திரும்பும் என்பது இந்தத் துறையில் வேரூன்றிய நம்பிக்கை. பொதுவாகப் பேசினால் மூன்றுமே சரியாகத்தான் தோன்றும். அதனால் ஒரே ஒரு கருவியை வைத்து எடைபோடுகிறேன்.

குவாட் 303. இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1967-ல் கொண்டுவந்த ஆம்பிளிஃபயர். சேனலுக்கு 8 ஓமில் 45 வாட். அந்தக் காலத்தில் நம்பிப் போடக்கூடிய சிலிக்கான் பிஎன்பி பவர் டிரான்சிஸ்டர் அரிது. எனவே மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் என்பிஎன் டிரான்சிஸ்டரையே பயன்படுத்தினார்கள். ரெகுலேட் செய்த 67 வோல்ட் சப்ளை. ஒலிபெருக்கிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கெப்பாசிட்டர். அவுட்புட் டிரான்சிஸ்டரின் கேன் மேல் 38494 என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் தன் 2என்3055 குடும்பத்திலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அது.

மாற்று அட்டவணைகள் இதற்கு 2என்3055 என்றே பதில் சொல்கின்றன. கேன் அதே டிஓ-3. ஹீட்சிங்கில் ஓட்டைகள் பொருந்துகின்றன. 15 ஆம்பியர், 115 வாட் என்பதும் போதுமானது. ஆனால் டேட்டாஷீட்டில் இன்னொரு வரி இருக்கிறது. பேஸைத் திறந்துவிட்ட நிலையில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே அது தாங்குவது 60 வோல்ட். சத்தம் உச்சத்துக்குப் போகும்போது 303-ன் ஒரு டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும். அப்போது மற்றதன் மேல் ஏறக்குறைய 67 வோல்ட் முழுவதும் விழும். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் தாங்கும் எல்லை 70 வோல்ட் என்று அதே டேட்டாஷீட் சொல்கிறது. ஆக, கையிருப்பு 3 வோல்ட். சாதாரண 2என்3055 போட்ட செட் பல மாதம் பாடிவிட்டு ஒருநாள் நின்றுபோவதில் ஆச்சரியம் இல்லை. குவாட் ஏன் தேர்ந்தெடுத்த சரக்கைக் கேட்டு வாங்கியது என்பதற்கும் இங்கேதான் விடை.

எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல என்பது அடுத்த சிக்கல். ஆர்சிஏ 1960-களில் 2என்3055-ஐ ஹோமெடாக்சியல் முறையில் செய்தது. வேகம் குறைவு, பெருக்கும் திறன் ஏறத்தாழ 800 கிலோஹெர்ட்ஸிலேயே தீர்ந்துவிடும். ஆனால் முரட்டுத்தனமாக அடி தாங்கும். 1970-களில் தொழிற்சாலைகள் எபிடாக்சியல் முறைக்கு மாறின. இன்றைய 2என்3055-ன் டேட்டாஷீட் குறைந்தது 2.5 மெகாஹெர்ட்ஸ் என்கிறது. மூன்று மடங்கு வேகம். அதோடு 40 வோல்ட்டைத் தாண்டியதும் செகண்ட் பிரேக்டவுன் குறுக்கே வந்து, தாங்கும் வாட் சரிகிறது. பழைய சர்க்யூட்டை வடிவமைத்தவர் மெதுவான டிரான்சிஸ்டரை மனத்தில் வைத்தே ஃபீட்பேக்கை நிதானப்படுத்தியிருப்பார். அதில் வேகமானதைச் செருகினால் காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஆம்பிளிஃபயர் தானாகவே அலைய ஆரம்பிக்கலாம். சத்தம் எதுவும் கேட்காது. ஹீட்சிங்க் மட்டும் காரணமில்லாமல் சுடும். இரண்டாவது வழியை, அதாவது எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதை, இந்த இரண்டு காரணங்களாலேயே நான் நிராகரிக்கிறேன்.

போலிச் சரக்கு வேறு இருக்கிறது. டோஷிபாவின் 2எஸ்சி3281, 2எஸ்ஏ1302 ஜோடியின் உற்பத்தி நின்ற பிறகு அந்தப் பெயரில் வந்த போலிகள் உலகம் முழுவதும் பேர்போனவை. டிஓ-3 கேனிலும் அதே கதைதான். செத்துப்போன போலி ஒன்றின் மூடியை ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். நல்ல பவர் டிரான்சிஸ்டரில் அகலமான சதுரச் சில்லு தடித்த தாமிரத் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். போலியில் தகடு இருக்காது. மெல்லிய எஃகுத் தளத்தின் நடுவே அரிசி நொய் அளவில் ஒரு சில்லு ஒட்டியிருக்கும். மல்டிமீட்டர் இந்த இரண்டையும் நல்லது என்றே சொல்லும். அதன் பெருக்கச் சோதனை சில மில்லிஆம்பியரில் முடிந்துவிடுவதால் சின்னச் சில்லும் அங்கே தேறிவிடுகிறது. உண்மை தெரிய வேண்டுமானால் ஆம்பியர் கணக்கில் சோதிக்க வேண்டும். 2என்3055-க்கு 4 ஆம்பியரில் பெருக்கம் 20-க்குக் குறையக் கூடாது. அதாவது கலெக்டரில் 4 ஆம்பியர் ஓடும்போது பேஸ் 200 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்டால் அந்தக் கேனை ஒதுக்கிவிடலாம். சரியான ஹீட்சிங்கில் பூட்டி, 4 வோல்ட் கொடுத்து, சில நொடியில் முடிக்கிற சோதனை இது. பவர் டிரான்சிஸ்டர் வாங்குகிற ஒவ்வொருவரும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இனி பழைய சரக்கு. அதன் பக்கம் ஒரு நியாயம் உண்டு. காற்றுப் புகாத உலோகக் கேனில் அடைத்த சிலிக்கான், பெட்டியில் சும்மா கிடந்தால் எளிதில் கெடுவதில்லை. ஆனால் 1986-ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆர்சிஏ-வை வாங்கியது. 1988-ல் குறைக்கடத்திப் பிரிவு ஹாரிஸ் கைக்குப் போனது. ஆர்சிஏ-வின் ஹோமெடாக்சியல் சரக்கு இனிப் புதிதாக வர வழியில்லை. புத்தம்புதிதாய் மினுக்கும் ஆர்சிஏ முத்திரை கண்ணில் பட்டால் அதைச் சந்தேகிப்பதே முறை. அதைவிட, கழித்துப்போட்ட செட்டிலிருந்து கழற்றிய டிரான்சிஸ்டரை நான் அதிகம் நம்புவேன். அது எங்கிருந்து வந்தது என்பதாவது தெரியும். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறிய சில்லின் அடிப்பற்று எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பழைய சத்தம்? இந்த வாதத்தை 303-ன் சர்க்யூட்டே மறுக்கிறது. இதில் அவுட்புட் டிரான்சிஸ்டர் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொரு பாதியிலும் மூன்று டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து தமக்குள் ஒரு ஃபீட்பேக்கோடு ஒன்றுபோல இயங்குகின்றன. ஓய்வு கரண்டை நிர்ணயிப்பது அந்த மூன்றில் முதலாவதான சின்ன டிரான்சிஸ்டர். ஹீட்சிங்கில் சுடுகிற பெரியதல்ல. அவுட்புட் டிரான்சிஸ்டரின் சூடும் பெருக்க ஏற்றத்தாழ்வும் இசையைத் தொடக் கூடாது என்பதுதான் வடிவமைத்தவரின் நோக்கம். அந்தப் பாகத்தின் தனிக்குணத்தை அழிக்கவே இவ்வளவு வேலை நடந்திருக்கிறது. பிறகு அந்தப் பாகத்திலேயே சத்தத்தின் ஆன்மா இருக்கிறது என்பது பொருந்தாத பேச்சு. சேகரிப்பவர், அலமாரியில் வைக்கிற செட்டுக்கு 38494 தேடட்டும். அதற்கு அருங்காட்சியக நியாயம் உண்டு. கேட்பதற்கான செட்டுக்கு அந்த நியாயம் எட்டாது.

மிஞ்சுவது மூன்றாவது வழி. எம்ஜே15003 டேட்டாஷீட்டை விரித்துப் பாருங்கள். 140 வோல்ட், 20 ஆம்பியர், 250 வாட். 50 வோல்ட்டில் 5 ஆம்பியர் தாங்குவதாகச் சோதித்தே அனுப்புகிறார்கள். 67 வோல்ட் இதற்கு விளையாட்டு. வேகம் குறைந்தது 2 மெகாஹெர்ட்ஸ். பழையதைவிட அதிகம்தான், ஆனால் மிரளும் அளவுக்கு இல்லை. இங்கே ஆசைப்பட்டு 30 மெகாஹெர்ட்ஸ் வகையான எம்ஜேஎல்3281ஏ போன்றதைத் திணிப்பது பிழை. புதிய வடிவமைப்பில் அது அருமையான டிரான்சிஸ்டர். 1967-ன் மூன்றடுக்கு ஃபீட்பேக்கில் அதன் வேகம் யாருக்கும் பயன்படாது, நிலையாமையை மட்டுமே கொண்டுவரும். எம்ஜே15003 போட்ட பிறகும் ஆசிலோஸ்கோப்பில் ஒருமுறை அலைவு இருக்கிறதா என்று பார்த்தே மூட வேண்டும்.

சின்ன டிரான்சிஸ்டர்களுக்கு இவ்வளவு தயக்கம் தேவையில்லை. கால்வரிசையை மட்டும் கவனித்தால் போதும். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, பிசி547-ல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். 2எஸ்சி1815-ல் எமிட்டர், கலெக்டர், பேஸ். ஜெர்மானியம் ஏசி128 போன்றவை விதிவிலக்கு. பேஸுக்கு அவை கேட்கும் வோல்ட் சிலிக்கான் கேட்பதில் பாதிகூட இல்லை என்பதால், பயஸை மாற்றி அமைக்காமல் சிலிக்கானைப் போட முடியாது.

ஆகவே 303-க்கு என் தீர்ப்பு, உரிமம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்கிய புதிய எம்ஜே15003. செத்த சேனலின் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். போடும் முன் டிரைவர்களையும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் அளந்துவிடுங்கள். முதல் டிரான்சிஸ்டரைக் கொன்ற கோளாறு அங்கே இருந்தால் புதியதையும் கொல்லும். கலெக்டரே கேன் என்பதால், மைக்கா வைத்துப் பூட்டிய பின் கேனுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்துவிட்டு, முதல் முறை சீரிஸ் பல்ப் வழியாக மட்டும் கரண்ட் கொடுங்கள். வேறு எந்தப் பழைய செட்டானாலும் முதலில் சப்ளை வோல்ட்டை அளந்து, அந்த வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்ற வரைபடத்தை டேட்டாஷீட்டில் பாருங்கள். அடுத்து வேகம், அதற்கடுத்து பெருக்கம். கேன் மேல் உள்ள எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.