உணர்ச்சிக் கணிமை: சான்றும் உரிமைகோரலும்

ரோசலிண்ட் பிக்கார்டின் ‘அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்’ (1997) மனித உணர்ச்சியைக் கணினி அறியவும் கையாளவும் முயலும் உணர்ச்சிக் கணிமை என்ற துறைக்கே பெயர் தந்த நூல். அத்துறையின் பிற்காலப் பிழைகளை எல்லாம் அதன் தலையில் ஏற்றுவது எளிது, நியாயம் ஆகாது. உணர்ச்சி இன்றி நல்ல முடிவெடுத்தல் இல்லை என்ற நரம்பியலாளர் தமாசியோவின் வாதத்தைக் கணினிக்கும் நீட்டிய நூல் இது. கணினி மனத்துக்குள் எட்டிப் பார்க்காது, வெளியே தெரியும் குறிகளிலிருந்து ஊகிக்கவே முடியும் என்பதை அது மறைக்கவில்லை. எழக்கூடிய கவலைகளுக்கென்று தனி இயலே ஒதுக்கியது. குறை என்னவெனில், அந்த ஊகம் எந்த நிபந்தனைகளில் செல்லுபடியாகும் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, விடையைப் பொறியியலின் வளர்ச்சிக்கு விட்டுவிடுகிறது.

அக்கேள்விக்கு நேர்மையான விடையும் பிக்கார்டிடமிருந்தே வந்தது. வைசாஸ், ஹீலி ஆகியோருடன் 2001இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஒருவரின் உடற்குறிகளைப் பல வாரங்கள் பதிவுசெய்து, எட்டு உணர்ச்சிநிலைகளை 81 விழுக்காடு சரியாகப் பிரித்துக் காட்டியது. எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிதாகப் படுவது அவர்கள் ஒளிக்காமல் எழுதிய மற்றொரு முடிவு: ஒரே நாளில் பதிவான வெவ்வேறு உணர்ச்சிகளின் குறிகள், வெவ்வேறு நாள்களில் பதிவான ஒரே உணர்ச்சியின் குறிகளைவிட நெருங்கி இருந்தன. இன்றைய கோபம் நேற்றைய கோபத்தைவிட இன்றைய துயரத்தையே ஒத்திருந்தது. ஒரே உடலில், ஆய்வகக் கட்டுப்பாட்டில் கண்ட நிலை இது. முன்பின் அறியாத ஒருவரின் அகத்தை ஒற்றைப் பார்வையில் சொல்லிவிட முடியும் என்போர் முதலில் கடக்க வேண்டிய தடை இது.

துறையின் பெரும்பகுதி இதைக் கடக்காமல் சுற்றிப் போனது. மலிவான கேமராவும், சில உணர்ச்சிகளுக்கு எல்லா மனிதரிடமும் பொதுவான முகபாவம் உண்டு என்னும் உளவியலாளர் எக்மனின் அடிப்படை உணர்ச்சிக் கோட்பாடும் கைகொடுத்தன. எக்மனும் ஃப்ரீசனும் 1978இல் வகுத்த முகத்தசைக் குறியீட்டு முறை துல்லியமான விவரணைக் கருவி. எந்தத் தசை அசைந்தது என்பதோடு அது நிற்கிறது. அசைவுக்கு உணர்ச்சிப் பெயர் சூட்டுவது வேறு படி. பரவலாகப் பயன்படும் எஃப்.இ.ஆர்-2013 தொகுப்பைப் பாருங்கள்: உணர்ச்சிச் சொற்களை இணையத்தில் தேடித் திரட்டிய 35,887 சிறு முகப்படங்கள், ஏழு உணர்ச்சிப் பெட்டிகள். படத்தில் இருப்பவர் என்ன உணர்ந்தார் என்பதற்கு அதில் எந்தப் பதிவும் இல்லை. ஆகவே அதில் பயின்ற நிரல் பெறும் மதிப்பெண், பார்த்தவர் இட்ட பெயரோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே அளக்கும். அளவுகோலே தவறு என்றால் துல்லியம் உயர்வதில் சாதனை ஏதுமில்லை.

உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும், கணினிப் பார்வை ஆய்வாளர் உள்ளிட்ட மற்ற நால்வரும் 2019இல் வெளியிட்ட பரிசீலனை இதை நிறுவிவிட்டது: கோபத்தில் முகம் சுளிப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு நேரங்களில்தான், கோபமின்றியும் மனிதர் சுளிக்கிறார்கள். 2022இல் மைக்ரோசாஃப்ட் தன் முகச்சேவையிலிருந்து உணர்ச்சி ஊகத்தை நீக்கியது சரியான முடிவு, தாமதமான முடிவும்கூட.

மறுதட்டில் வைக்க வேண்டியதும் உண்டு. தோலின் மின்கடத்தல் போன்ற உடற்குறிகளை அளந்த பிக்கார்டின் அதே ஆய்வு மரபு, வலிப்பை உணர்ந்து எச்சரிக்கும் எம்பிரேஸ் மணிக்கட்டுக் கருவியாகி, 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது. அணிபவர் யார், தேடும் நிகழ்வு எது என்பது தெளிவு. கருவி சொன்னது சரியா என்று தனியே சோதிக்கவும் முடியும். உணர்ச்சி என்ற சொல்லைக் கைவிட்ட இடத்தில்தான் இத்துறையின் உறுதியான வெற்றி கிடைத்திருக்கிறது.

எனவே என் தீர்ப்பு: தெரிந்த உடலின் மாற்றத்தை அளக்கும் கலையாக இது தேர்ச்சி பெறுகிறது, அறியாதவரின் அகம் படிக்கும் அறிவியலாகத் தேறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சி ஊகத்தைத் தடைசெய்ததை, மருத்துவ, பாதுகாப்பு விலக்குகளோடு சேர்த்தே வரவேற்கிறேன். ஆனால் நம்பகமின்மையையும் பொதுமைப்படுத்த இயலாமையையும் காரணம் காட்டும் அதே சட்டம், மற்ற இடங்களில் இதைப் பெரும்பாலும் ‘உயர் இடர்’ என்று வகைப்படுத்தி அனுமதிக்கிறது. வகுப்பறையில் நம்பத்தகாத முறை எல்லைச் சாவடியில் நம்பத்தக்கதாவதற்கு அச்சட்டம் ஒரு சான்றும் தரவில்லை.