ஒடியாத ஊசி

பனியன் கம்பெனியில் ஊசி ஒடிந்தால் அந்த மெஷின் அங்கேயே நின்றுவிடும். ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கி, நோட்டில் செலோ டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துணுக்கு குறைந்தாலும் பக்கத்தில் கிடக்கும் துணியையெல்லாம் சலித்தாக வேண்டும். குழந்தைச் சட்டைக்குள் ஊசிமுனை போய்விட்டால் என்ன ஆவது?

அதனாலேயே ஊசி ஒடியாமல் தைக்கும் திருப்பூரின் கைதேர்ந்த டெய்லர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. நிமிஷத்துக்கு 4,000 தையல் ஓடும் மெஷினிலும் அப்படிப்பட்ட டெய்லர் துணியை இழுப்பதில்லை. நகர்த்துவது துணிக்கு அடியில் இருக்கும் மெஷின் பல்லின் வேலை, கை வழி மட்டும் காட்டும். இழுத்தால் ஊசி வளையும். வளைந்தது பிளேட்டில் மோதும், அல்லது கீழே நூலைப் பிடிக்கும் ஹூக்கில் அடிபடும். ஊசிக்கும் ஹூக் முனைக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர்கூட இடம் இருக்காது.

அவர் ஊசி மாட்டுவதைப் பார்க்க வேண்டும். நீளப் பள்ளம் இடப்பக்கம், குழிவு ஹூக்கைப் பார்த்து வலப்பக்கம். மேலே முட்டும்வரை ஏற்றி, திருகை இறுக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிய பிறகே மிதியில் கால். மெல்லிய பனியன் துணி என்றால் 9 அல்லது 11ஆம் நம்பர் ஊசி, முனை உருண்டையாக. காலர் முனையில் நாலைந்து மடிப்பு சேரும் இடம் வந்தால் கால் தானாகத் தளரும். அவ்வப்போது முனையை நகத்தில் லேசாக உரசிப் பார்ப்பார். பிசிறு தட்டினால் ஒடியும்வரை காத்திராமல் மாற்றிவிடுவார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று பின்னால் நிற்கும் சூப்பர்வைசரின் பேச்சை அந்த நேரத்தில் அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.