லாங்பெல்லோவின் எலிசபெத்: பாட்டில் இடம்பெறாத வாழ்க்கை

அமெரிக்கக் கவிஞர் ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்பெல்லோ இயற்றிய 'வழிவிடுதிக் கதைகள்' என்னும் தொடரின் மூன்றாம் பகுதி 1873ஆம் ஆண்டில் வெளிவந்தது. விடுதியொன்றில் கூடியோர் முறைவைத்துக் கதை சொல்லும் அமைப்புடையது அத்தொடர். அதில் சமயவியலார் ஒருவர் கூற்றாக வருவது 'எலிசபெத்'. இரவுக் கடலில் ஒன்றையொன்று கடந்து செல்லும் கப்பல்களை மனித உறவுக்கு உவமையாக்கும் புகழ்மிக்க அடிகள் இக்கவிதையைச் சேர்ந்தவை. அவ்வுவமையை அறிந்தோர் பலர். அது யாருடைய கதையின் நடுவே நிற்கிறது என்பதை அறிந்தோர் சிலரே.

கதைத் தலைவி கற்பனை மாந்தர் அல்லர். எலிசபெத் ஹேடன் 1680ஆம் ஆண்டில் இலண்டனின் சவுத்வார்க் பகுதியில், குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஜான் ஹேடன் கொல்லுத் தொழிலால் செல்வம் ஈட்டியவர். 1698இல் அவர் வட அமெரிக்காவின் மேற்கு ஜெர்சியில் 500 ஏக்கர் நிலம் வாங்கினார். ஆயினும் கடல் கடந்து அங்குக் குடியேறவில்லை. 1701இல் அந்நிலத்துக்குச் சென்று குடியேறியவர், ஏறத்தாழ 21 வயதினரான மகளே. மறு ஆண்டு டிசம்பரில், குவேக்கர் நெறியைப் போதித்து வந்த ஜான் எஸ்டா என்பவரை மணந்தார்.

இவ்வளவும் கவிதைக்குள் அடங்கும். லாங்பெல்லோவுக்கு முன்பே இக்கதையை உரைநடையில் எழுதியவர், அடிமை ஒழிப்புக்காகப் போராடிய லிடியா மரியா சைல்ட் அம்மையார். அவருடைய 'இளங் குடியேறி' 1846இல் வந்த 'மெய்யும் புனைவும்' என்னும் நூலில் உள்ளது. கவிஞர் கதைப்பொருளை அங்கிருந்தே எடுத்தார். மூலத்தையும் கவிதையையும் ஒப்பிட்டால் கவிஞரின் தனித்திறன் ஒரு காட்சியில் மிகத் தெளிவாகப் புலப்படும். காலாண்டுக் கூட்டத்துக்குக் குதிரையில் செல்லும் நண்பர் குழாத்திலிருந்து எலிசபெத் சற்றுப் பின்தங்குகிறார்; ஜான் எஸ்டாவையும் நிற்கச் சொல்கிறார்; அவரை நேசிக்குமாறு இறைவன் தமக்குக் கட்டளை தந்திருப்பதாகக் கூறுகிறார். எஸ்டா உடனே இசையவில்லை. தமக்கு அத்தகைய உள்ளொளி இன்னும் கிட்டவில்லை என்கிறார். கடல் கடந்து சென்று மீண்ட பிறகே இசைகிறார்.

தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் தானே எடுத்துரைத்தல் இல்லை என்பது தொல்காப்பியம் கூறும் அகமரபு. அம்மரபில் பயின்ற மாணவர்க்கு இக்காட்சி வியப்பளிக்கலாம். எனினும் இதை வெறும் துணிச்சல் என்று விளக்குவது பொருந்தாது. குருமார் இன்றி, மௌனத்தில் கூடி, உள்ளத்தில் எழும் ஒளிக்குக் காத்திருப்பது குவேக்கர் வழிபாட்டு முறை. அவ்வொளி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவென்பது அவர்தம் கொள்கை. எலிசபெத் பேசியது அக்கொள்கையின் வழியே. எஸ்டா காலம் தாழ்த்தியதும் அதன் வழியே. 1858இல் வந்த 'மைல்ஸ் ஸ்டாண்டிஷ்' காவியத்திலும் லாங்பெல்லோ இத்தகைய ஒரு பெண்ணைப் படைத்தார். பிறருக்காகத் தூது வந்த ஜான் ஆல்டனை அவனுக்காகவே பேசுமாறு பிரிஸில்லா தூண்டுகிறாள். அவள் ஆடவனைப் பேச வைத்தவள். எலிசபெத் தாமே பேசியவர். பதினைந்து ஆண்டு இடைவெளியில் கவிஞர் அடைந்த வளர்ச்சி இது எனலாம்.

குறை வேறிடத்தில் உள்ளது. கவிதை மணத்தோடு முடிகிறது. மணவாழ்க்கை 40 ஆண்டுகள். கைம்மை வாழ்க்கை 20 ஆண்டுகள். இரண்டும் பாட்டில் இல்லை. எல்லாவற்றையும் பாடவில்லை என்று கவிஞரைக் குறை கூறுவது பொதுவாக முறையாகாது. பாட்டு நிலப்பத்திரம் அன்று. ஆனால் இக்கவிதை தொடங்கும் விதத்தை நோக்க வேண்டும். பனிக்கால மாலையில், ஏழைகளுக்காகக் கூடை நிறைய உணவும் உடையும் கொடுத்தனுப்பிவிட்டு, பணியாள் ஜோசப்பின் வருகையை எதிர்நோக்கியிருக்கிறார் எலிசபெத். வழிச்செல்லும் நண்பர்க்கு அவ்வீட்டில் விருந்தும் உண்டு. அருளும் ஈகையுமே தலைவியின் இயல்பு எனக் கவிதை அறிமுகம் செய்கிறது. அந்தக் கூடை எங்கிருந்து நிறைந்தது? காட்டைத் திருத்திப் பயிரிட்ட நிலத்திலிருந்தும், அதைக் கட்டிக்காத்த உழைப்பிலிருந்தும் அல்லவா? லெனாப்பே பழங்குடியினர் வாழ்ந்த மண் அது என்பதும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. கவிதையில் ஈகை இருக்கிறது. ஈகைக்கு முதலான உடைமை பின்னணியாகவே நின்றுவிடுகிறது.

உடைமையை முன்னே கொணர்ந்தால் குதிரைப் பயணக் காட்சியின் எடையே மாறும். அக்கால ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் அசையும் பொருள் கணவனுக்கு உரியதாகும். அவள் நிலம் அவன் ஆளுகைக்குட்படும். ஒப்பந்தமும் உயிலும் தன் விருப்பம்போல் எழுத அவளுக்கு இயலாது. கன்னியாக வந்து ஒரு பண்ணையை நிறுவிய பெண், தாமே முன்வந்து மணம் கேட்டார் என்பதில் இன்சொல் மட்டுமன்று, பெரியதோர் இழப்புக்கு இசைவும் அடங்கியிருந்தது. மணத்துக்குப் பின் மாமனாரின் சார்பாளராக நில அலுவல்களைக் கவனித்தவர் ஜான் எஸ்டாவே. இந்த இழப்பைக் கவிதை உணர்ந்திருக்குமானால், எலிசபெத்தின் சொல் இன்னும் ஆழமாக ஒலித்திருக்கும்.

1713இல் அவர்கள் செங்கல் மனையொன்று எழுப்பினர். 1721இல் ஜான் ஹேடன் அளித்த நிலத்தில் நண்பர் கூட்ட மண்டபம் அமைந்தது. அதனைச் சூழ எழுந்த ஊரே ஹேடன்ஃபீல்ட். மகப்பேறு இல்லாமையால், தங்கை சாராளின் மகன் ஏபனேசர் ஹாப்கின்ஸை இங்கிலாந்திலிருந்து வருவித்து வளர்த்தனர். மகளிர் கூட்டத்தின் எழுத்தராக எலிசபெத் ஏறத்தாழ 50 ஆண்டுகள் பணியாற்றினார். இச்செய்தியைத் திறனாய்வாளர் விரைந்து கடந்துவிடலாகாது. கூட்டத்தின் முடிவுகளைக் கேட்டு, தொகுத்து, பதிவேட்டில் எழுதும் பொறுப்பு அது. பாட்டில் ஒரே ஒரு வாக்கியத்தால் நினைக்கப்படும் பெண், வாழ்வில் அரை நூற்றாண்டு எழுதிக்கொண்டிருந்தவர்.

1742இல் ஜான் எஸ்டா சமயப் பயணமாகக் கரீபியத் தீவாகிய தோர்தோலாவுக்குச் சென்றார். அங்கேயே நோயுற்று இறந்தார். கடற்கப்பால் அடக்கம் செய்யப்பட்ட கணவருக்குக் கைம்பெண் எழுப்பிய நினைவுச் சின்னம் கல்லாலானது அன்று. அவர் எழுதி வைத்திருந்த சமயச் சிறுநூலைத் தம் முன்னுரையோடு அச்சேற்றினார். 1744இல் பிலடெல்பியாவில் அதனை அச்சிட்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின். தம் மணவாழ்வின் இணக்கத்தை அம்முன்னுரையில் எலிசபெத் தம் சொற்களாலேயே பதிந்து வைத்தார். கதையைக் காதலோடு முடிக்க விரும்பும் கவிஞருக்கும் இதைவிடச் சிறந்த முடிவு கிடைத்திராது.

எஞ்சிய ஆண்டுகளில் உடைமை மீண்டும் அவர் பெயரில் நின்றது. கைம்பெண் தன் நிலத்தைத் தானே ஆளவும், உயில் எழுதவும் சட்டம் இடமளித்தது. மனைவிக்கு மறுத்த உரிமையைக் கைம்மைக்குத் தந்த விந்தைச் சட்டம் அது! வளர்த்த ஏபனேசர் 1757இல் அவருக்கு முன்பே மறைந்தான். 1762இல், எண்பது வயதைக் கடந்த நிலையில் எலிசபெத் இறந்தபோது, உடைமையின் பெரும்பகுதி ஏபனேசரின் மக்களைச் சென்றடைந்தது. தந்தையிடமிருந்து மகளுக்கும், அவளிடமிருந்து தங்கையின் வழியினர்க்கும் சென்ற நிலம் அது.

சைல்ட் அம்மையாரின் உரைநடை இப்பிற்பகுதியைச் சுருக்கமாகவேனும் தொட்டுச் செல்கிறது. ஆகவே லாங்பெல்லோ இதை அறியாமல் விட்டார் என்று கொள்ள இடமில்லை. இருமுறை மனைவியை இழந்து, 1861 முதல் துணையின்றி வாழ்ந்த கவிஞர், துணையை இழந்தவரின் இருபது ஆண்டுகளைப் பாடாமல் விட்டதற்கு அவர் நெஞ்சறிந்த காரணமும் இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும், பாட்டில் நிலைபெற்றவர் மணமகளே. நிலக்கிழத்தியும் எழுத்தரும் பதிப்பித்தவரும் ஆகிய முதியவள் வெளியே நின்றாள்.

கவிதையில் வரும் வீடு பனி சூழ்ந்த தொடக்ககாலப் பண்ணை வீடு. 1713இல் கட்டிய செங்கல் மனைக்கு அதில் இடமில்லை. அம்மனை 1842இல் தீக்கிரையாயிற்று. அதனை அடுத்திருந்த சிறிய வடிசாலைக் கட்டடம் எரியாமல் தப்பியது.