நாணத்தில் மறைந்த விடை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம் வினா ஒன்றை விடுத்தார்கள். இலை உதிராத மரம் ஒன்று உண்டு, அது முஸ்லிமுக்கு உவமையாகும், அம்மரம் எது? தோழர்களின் எண்ணம் பாலை நிலத்து மரங்களை நாடி ஓடிற்று. பேரீச்ச மரம் என்னும் விடை, அவையில் இளையவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் தோன்றிற்று. ஆயினும் பெரியோர் நடுவே பேச நாணி வாளாவிருந்தார்கள். பின்னர் இதனை அறிந்த தந்தை உமர் (ரலி) அவர்கள், மகன் அதனைச் சொல்லியிருந்தால் தமக்கு எத்துணை மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று கூறியதாக ஸஹீஹுல் புகாரி தெரிவிக்கின்றது.

நம் வீடுகளில் இவ்வாறு மறைந்துபோகும் விடைகள் எத்தனை! பிள்ளை நூலை மூடியதும் நாம் கேட்பது ஒன்றே: “எத்தனை மதிப்பெண்?” அந்நூல் அவன் நெஞ்சில் எதனை விதைத்தது என்று கேட்பார் அரியர்.

சீறாப்புராணத்தையே எடுத்துக்கொள்வோம். நுபுவ்வத்துக் காண்டத்தில் வரும் மானுக்குப் பிணை நின்ற வரலாற்றை மாணவர் பலர் பாடமாகப் படித்திருப்பர். சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் மனனம் செய்தால் தேர்வுக்குப் போதும். ஆனால் மாணவர் சிலரோடு அமர்ந்து நாம் உரையாடியபோது கிடைத்தவை எந்தக் குறிப்பேட்டிலும் இல்லாதவை. “வேடனும் பசித்தவன்தானே, அவன் மீது என்ன குற்றம்?” என்றான் ஒருவன். “வாக்கைக் காக்கத் திரும்பிய மான், கன்றையும் உடன் கொணர்ந்தது முறையோ?” என்றாள் ஒரு மாணவி.

இவ்வினாக்களே நம்மை மீண்டும் உமறுப்புலவரிடம் அழைத்துச் சென்றன. அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. அப்பகுதி முழுவதுமே உரையாடலால் ஆனது. மான் தன் துயரை முறையிடுகிறது. நபிகளார் பிணை நிற்கிறார்கள். காட்டில் விட்ட விலங்கு மீளுமோ என வேடன் ஐயுறுகிறான். புலவர் அவ்வையத்தை அடக்கவில்லை, பேச விடுகிறார். ஐயுற்றவனே இறுதியில் ஈமான் கொள்கிறான். வேடனின் வாயை முதலிலேயே அடைத்திருந்தால் அம்முடிவுக்குப் பொருள் ஏது? பலமுறை படித்தும் நமக்குப் புலனாகாத இந்நுட்பத்தை மாணவன் ஒருவனின் கேள்வி காட்டித் தந்தது.

வினாவினால் நம்பிக்கை தளரும் என்று அஞ்சும் பெற்றோர் உளர். அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. எனினும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் ஆகியவற்றை வினவி, நபிகளார் விடை பகர்ந்ததன் வாயிலாக அன்றோ தோழர்களுக்கு மார்க்கம் போதிக்கப்பட்டது? தளர்ச்சி தருவது கேட்ட கேள்வியன்று. கேட்க இடமின்றி உள்ளே புழுங்கும் கேள்வியே.

உரையாடல் என்பது மற்றொரு சொற்பொழிவாகிவிடவும் கூடாது. பெரியவர் முடிவுரையோடு அமர்ந்தால் பிள்ளை தலையாட்டுவானேயன்றி வாய் திறவான். நாம் அறியாததை “அறியோம்” என ஒப்பி, அவனோடு சேர்ந்து நூலைப் புரட்டுதலே நேர்மை.

1842இல் அச்சேறிய காலந்தொட்டுச் சீறா நம் இல்லங்களில் உலவி வருகின்றது. ஒருவர் இசையோடு பாட, மற்றொருவர் பொருள் விரிக்க, குடும்பத்தார் சூழ்ந்திருந்து கேட்ட மரபு நம்முடையது. அம்மரபில் இன்று சேர்க்க வேண்டியது ஒன்றே: சூழ்ந்திருக்கும் சிறுவனின் குரல். இன்றிரவு உணவுக்குப்பின் அவனிடம் கேட்போம். அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்போம்.