வழுவும் திருத்தமும்: ஆங்கிலச் சொல்மயக்கங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

ஆங்கிலப் பயன்பாட்டுக் கையேடுகளுள் பெரும்பாலானவை, மயங்கும் சொற்களுக்கெனப் பட்டியல் ஒன்றைத் தருகின்றன. மயக்கங்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதே அப்பட்டியல்களின் குறை. மயக்கத்தால் பொருள் கெடுகிறதா என்னும் வினா அவற்றுள் எழுவதே இல்லை.

'லெஸ்', 'ஃபியூவர்' என்னும் இணையை நோக்குவோம். எண்ணத்தக்க பொருள்களுக்குப் பின்னதே உரியது என்பது விதி. 1770இல் ராபர்ட் பேக்கர் எழுதிய குறிப்பொன்றே இதன் ஊற்று. அவரும் தமக்கு அவ்வாறு தோன்றுவதாகவே கூறினார். பின்வந்தோர் அதனைக் கட்டளையாக்கினர். 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் அரசர் காலத்துப் பழைய ஆங்கிலத்திலேயே முன்னது எண்ணத்தக்கவற்றோடு வந்துள்ளது. மாணவர் 'லெஸ் புக்ஸ்' என்று எழுதினால் பொருள் புரியாது திகைப்பார் எவருமிலர். தேர்வில் மதிப்பெண் குறையும் என்பதற்காகக் கற்பிக்கலாம். அது மொழி சார்ந்த காரணம் அன்று. நம் இலக்கண மரபு வழாநிலை, வழு என்னும் இரண்டோடு நில்லாது வழுவமைதி என்பதனையும் வகுத்தது. கையேட்டாசிரியர்களிடம் காணப்படாதது அம்மூன்றாவதே.

'டிஸ்இன்ட்ரஸ்டட்', 'அன்இன்ட்ரஸ்டட்' என்பன வேறு வகையின. முன்னது நடுவுநிலைமையையும் பின்னது ஆர்வமின்மையையும் குறிக்கும் என்று இன்று கற்பிக்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் நிலைமை ஏறத்தாழத் தலைகீழ். ஜான் டன் முன்னதை ஆர்வமின்மைப் பொருளில் ஆண்டார். பின்னதற்கோ நடுவுநிலைப் பொருள் இருந்தது. இவ்வரலாற்றைக் காட்டித் திருத்தமே வீண் என்பாரும் உளர். அவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. ஒரு நீதிபதியை 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்று எழுதினால், அவர் பக்கஞ்சாராதவர் என்று கொள்வதா, வழக்கைக் கவனியாது இருந்தவர் என்று கொள்வதா? ஒன்று பாராட்டு, மற்றது குற்றச்சாட்டு. சொல்லின் பழம்பொருள் எதுவாயினும், இன்று படிப்பவர் தடுமாறுவது இன்றைய பொருளில்தான். இங்குத் திருத்தம் வேண்டும்.

உயிருக்கே கேடு விளைக்கவல்ல மயக்கமும் உண்டு. 'இன்ஃபிளேமபிள்' என்பது எளிதில் தீப்பற்றுவதைக் குறிக்கும். அதிலுள்ள 'இன்' என்னும் இலத்தீன் முன்னொட்டை எதிர்மறை எனக் கொண்டாலோ, தீப்பற்றாதது என்றாகிவிடும். அதனால் 1920களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், முன்னொட்டில்லாத 'ஃபிளேமபிள்' என்னும் வடிவத்தை வலியுறுத்தியது. எரிபொருள் கலத்தைத் தூக்கும் தொழிலாளிக்கு இலத்தீன் கற்பிக்க முனையாமல், கலத்தின் மீதிருந்த சொல்லையே மாற்றினர். தீப்பற்றாதவற்றுக்கு இன்று 'நான்ஃபிளேமபிள்' என்பதே வழக்கு.