சீஸில் கிராம்பு

ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விட்டு வந்தேன் என்றால் நம்மூரில் முதலில் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை. நான் போனது படகில். உட்கார்ந்தது சீஸ் தட்டுக்கு முன்னால். எனவே தைரியமாக மேலே படியுங்கள்.

மாலை நேரத்துக் கால்வாய்ப் பயணம். ஒன்றரை மணி நேரம். சீஸ், கொறிக்கக் கொஞ்சம் தீனி, ஒயின் அல்லது பியர், கடைசியில் ஒரு மடக்கு யெனேவர். தலைக்கு 40 யூரோ சொச்சம். நம் கணக்கில் நாலாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. அந்த ஊரில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் ஏகப்பட்ட பேர். நான் ஏறிய படகு யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை. கூட்டிக்கொண்டு போனது நண்பரின் மகன். ஆம்ஸ்டல்வீனில் கம்ப்யூட்டர் வேலை. "ஊர்லேருந்து யார் வந்தாலும் இதுல ஏத்திடுவேன் அங்கிள். எனக்கு இது ஏழாவது தடவை. தட்டுகூட மாறலை" என்றான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

படகில் மோட்டார் சத்தம் இல்லை. மின்சாரப் படகு. நகரத்தின் நடுவில் பயணிகள் படகு புகை விடக் கூடாது என்று அந்த ஊர் நகராட்சி கண்டிப்பு காட்டியதன் பலன். தண்ணீர் வந்து உரசுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. செப்டம்பர் மாதம். ஏழே முக்காலுக்குச் சூரியன் விழுந்ததும் பாலங்களின் வளைவில் வரிசையாக பல்புகள் எரிய ஆரம்பித்தன. ரெகுலியர்ஸ்கிராக்ட் என்று ஒரு கால்வாய். அதன் வாயில் படகை நிறுத்திப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பாலங்கள் தெரிகின்றன. படகோட்டி அங்கே வேகத்தைக் குறைத்து, பேச்சையும் நிறுத்தச் சொன்னார். தொழில் தெரிந்த மனுஷன்.

கரையோர வீடுகள் எல்லாம் ஒல்லி ஒல்லியாக, தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு கொக்கி. உள்ளே மாடிப்படி நம் பரண் ஏணி மாதிரி குறுகல். ஆகவே கட்டில், பீரோ எல்லாம் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் மேலே போகும். பல வீடுகள் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்திருப்பதும், தூக்குகிற சாமான் சுவரில் இடிக்காமல் இருக்கத்தான். அந்தக் காலத்தில் வியாபாரிகள் சரக்கை அடுக்கி வைத்ததும் இந்த மேல்மாடிகளில்தான். நிலம் சேறு என்பதால் ஊரே மரத் தூண்களின்மேல் நிற்கிறது. டாம் சதுக்கத்து அரண்மனைக்கு அடியில் மட்டும் 13,659 தூண்கள். இதையெல்லாம் எங்கள் கைடு பெண் அழகாகச் சொன்னாள். கல்லூரி மாணவி, பகுதி நேர வேலை. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வந்தது.

இனி தட்டு.

'டேஸ்டிங்' என்று விளம்பரம் செய்தால் அதற்கு ஒரு முறை வேண்டும். கச்சேரியில் வர்ணம் முதலில், தில்லானா கடைசியில். சீஸிலும் அப்படித்தான். இளசிலிருந்து முற்றியதற்குப் போக வேண்டும். நடுவில் ஒரு வாய் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி. இங்கே ஐந்து வகையையும் சதுரம் சதுரமாக நறுக்கி, ஒரே தட்டில் குவித்து, ஓரத்தில் கடுகு விழுதையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எது எது என்று சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டியவள் மைக்கில் பாலத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை, நாக்குக்கு ஒரு வேலை. மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் எதுவுமே உருப்படியாக நடப்பதில்லை. முதல் அரை மணி படகை நிறுத்தி வைத்துச் சாப்பாடு, அப்புறம் பயணம் என்று வைத்தால் செலவு ஒன்றும் கூடாது. யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் முற்றிய கௌடா இருக்கிறதே, அதை மன்னிக்காமல் இருக்க முடியாது. (உள்ளூர்க்காரர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு 'ஹௌடா' என்கிறார்கள்.) பல்லில் கற்கண்டு மாதிரி நறுக்கென்று ஏதோ கடிபட்டது. உப்பு என்று நினைத்தேன். இல்லையாம். மாதக்கணக்கில் வைத்திருக்கும்போது பாலின் புரதம் உடைந்து உண்டாகிற படிகம். ருசி, பால்கோவா கிண்டின வாணலியில் அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்ற மாதிரி.

அடுத்து பிட்டர்பாலன். பெயர்தான் பிட்டர், கசப்பு இல்லை. மாட்டிறைச்சியை மாவோடு சேர்த்துக் கெட்டிக் குழம்பாக்கி, உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. நம் போண்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வெளியே ஆறியிருக்கும், உள்ளே எரிமலை. சைவர்கள் கேட்டுவிட்டுக் கடிக்கவும். மற்றவர்கள் ஊதிவிட்டுக் கடிக்கவும்.

யெனேவர், ஜின்னுக்கு அப்பா. சின்ன டியூலிப் பூ மாதிரி கிளாஸில் விளிம்பு தளும்ப ஊற்றுகிறார்கள். கையால் எடுத்தால் சிந்தும். ஆகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து முதல் வாய் உறிஞ்ச வேண்டும் என்பது சம்பிரதாயம். படகில் இருபது பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். தொட்டியில் மாடுகள் தண்ணீர் குடிக்கிற காட்சி.

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. தட்டில் இன்னொரு சீஸ் மிச்சமிருந்தது. கடித்ததும் பிரியாணி வாசனை. கிராம்பு.

நாகல்காஸ் என்று பெயராம். நாகல் என்றால் ஆணி. கிராம்பு பார்க்க ஆணி மாதிரிதானே இருக்கிறது? கிராம்பு ஹாலந்தில் விளையாது. அந்தக் காலத்தில் அது விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளில். அதை வாங்கத்தான் 1602ல் ஒல்லாந்தர்கள் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். சுருக்கமாக வி.ஓ.சி. (நம் கப்பலோட்டிய தமிழருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுத்துகள் மட்டும் ஒன்று.) நான் பி.காம். படித்தவன். கூட்டுப் பங்கு நிறுவனம் என்று நாங்கள் உருப்போட்டதற்கெல்லாம் மூத்த அண்ணன் இந்தக் கம்பெனிதான். ஆம்ஸ்டர்டாமில் பங்கு எழுதியவர்கள் ஆயிரம் பேருக்கு மேல். ஒரு வேலைக்காரப் பெண்கூட 100 கில்டர் போட்டிருக்கிறாள்.

சரி, தீவுக்காரர்களிடம் கிராம்புக்கு மாற்றாக எதைக் கொடுப்பது? அந்த வெயிலில் ஹாலந்துக் கம்பளியை யார் வாங்குவார்கள்? அவர்கள் கேட்டது பருத்தித் துணி. நம்மூர்த் துணி. சோழமண்டலக் கரையில் நெய்து, சாயவேரில் சிவப்பு ஏற்றியது. அது இல்லாவிட்டால் மொலுக்காஸில் வியாபாரமே செத்துப்போகும் என்று 1612ல் ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற கம்பெனி அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். சோழமண்டலக் கரையை அவர் மொலுக்காஸின் இடது கை என்றே சொன்னார்.

நான் கிராம்பை மென்றுகொண்டிருக்கும்போது கைடு பெண், "1613ல் இந்தக் கால்வாய் வளையத்தை வெட்ட ஆரம்பித்தார்கள்" என்றாள். ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட். 2010ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. 1613 எனக்கு எங்கேயோ இடித்தது. செல்போனைத் தட்டினேன். பழவேற்காட்டில் ஒல்லாந்தர்களின் கெல்ட்ரியா கோட்டை கட்டி முடிந்த வருடம்.

இங்கே மண்வெட்டி விழுந்த வருடமும் அங்கே கோட்டை எழுந்து நின்ற வருடமும் ஒன்று. நடுவில் ஓடியது ஒரே கம்பெனியின் கப்பல்.

துணி மட்டும் போகவில்லை. 1658ல் நாகப்பட்டினம் போர்த்துக்கீசியரிடமிருந்து இவர்கள் கைக்கு வந்தது. அடுத்த இரண்டு மூன்று வருடம் தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்தே வந்தன. சோற்றுக்கு வழியில்லாதவர்களைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. ஆயிரக்கணக்கில் இலங்கைக்கும், பட்டேவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும் கப்பலேற்றியது. என் கையில் இருந்த ஒயின் தென்னாப்பிரிக்கா. அந்த முனையில் திராட்சை நட்டதும் இதே கம்பெனிதான். முதல் ஒயின் பிழிந்தது 1659. அங்கே வீட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்ய அடிமைகளைக் கொண்டுபோன இடங்களில் வங்காளமும் உண்டு, நம் கரையும் உண்டு.

பாலன்ஸ் ஷீட்டுக்கு இரண்டு பக்கம் என்பது பி.காம். முதல் வருடப் பாடம். வலது பக்கம் சொத்து, இடது பக்கம் பொறுப்பு. அன்றைக்கு எங்களுக்கு ஒன்றரை மணி நேரமும் வலது பக்கத்தையே சுற்றிக் காட்டினார்கள்.

'ஏன் சார், நாலு பேர் ஜாலியாக ஒயின் குடிக்கிற இடத்தில் பஞ்சத்தையும் அடிமையையும் பேசினால் நன்றாகவா இருக்கும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சரித்திரமே பேசாத படகாக இருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு சீஸ் தின்றிருப்பேன். ஆனால் அவர்கள் பேசுகிறார்கள். தூண் எண்ணிக்கை வரைக்கும் பேசுகிறார்கள். பொற்காலம் என்கிறார்கள். பொன் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் மட்டும் மைக்கை வைத்துவிட்டு ஒயின் ஊற்றப் போய்விடுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர் இதைப் பேச ஆரம்பித்து வருடக்கணக்காகிறது. 2019ல் ஆம்ஸ்டர்டாம் மியூசியம், பொற்காலம் என்ற வார்த்தையை இனி உபயோகிப்பதில்லை என்று அறிவித்தது. 2021ல் மேயர் ஃபெம்கே ஹால்செமா அடிமை வியாபாரத்தில் நகரத்தின் பங்குக்கு மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை முதல் தேதி மன்னர் வில்லெம் அலெக்ஸாண்டரே கேட்டார். ஹேரன்கிராக்ட் 502ஆம் எண் வீடு, மேயரின் வீடு. அதைக் கட்டியவர் அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் இருந்த பாவுலஸ் கோடின். வாசலில் 2006லேயே அதைச் சொல்லிக் கல் பதித்துவிட்டார்கள். எங்கள் படகு அந்த வாசலைத் தாண்டிப் போனது. "இடது பக்கம் மேயர் வீடு, பூந்தொட்டிகளைப் பாருங்கள்" என்றாள். பார்த்தோம்.

இறங்கும்போது அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன். கோபமாக இல்லை, யெனேவர் புண்ணியத்தில் நன்றாகச் சிரித்துக்கொண்டே. பழவேற்காடு, துணி, கிராம்பு எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "எனக்குக் கொடுத்த ஸ்கிரிப்ட்டில் இதெல்லாம் இல்லை" என்றாள். பிறகு, "அந்தக் கோட்டை இப்போது எப்படி இருக்கிறது?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் போனதே இல்லை. சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து அடுத்தவர் ஸ்கிரிப்ட்டில் குறை கண்டுபிடித்தவனிடம் சொந்த ஸ்கிரிப்ட் ஒன்று இல்லை. நண்பரின் மகன் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊர் திரும்பிய மறு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன். டீக்கடையில் கோட்டைக்கு வழி கேட்டேன். "கோட்டையா? அங்க ஒண்ணும் இல்ல சார். புதர்தான். பாம்பு இருக்கும், பாத்துப் போங்க" என்றார். உண்மைதான். ஒரு மேடு, சுற்றிலும் அகழி மாதிரி பள்ளம், கருவேலம். அவ்வளவுதான் கெல்ட்ரியா. கல்லறைத் தோட்டம்தான் உருப்படியாக இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள், ஒல்லாந்து எழுத்து, கப்பலில் வந்து இங்கேயே செத்தவர்கள். அவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. துணி நெய்தவன் பெயரும், கப்பலேறிப் போனவன் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. நாமும் வெட்டி வைக்கவில்லை.

தீர்ப்புக்கு வருகிறேன். ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள் இந்தப் படகில் ஏறலாமா? தாராளமாக. பின்பக்கம் திறந்த இடத்தில் உட்காருங்கள். படகு கிளம்புவதற்குள் தட்டை முடித்துவிடுங்கள். சிவப்பு ஒயினுக்குப் பதில் வெள்ளை கேளுங்கள், சீஸுக்கு அதுதான் ஒத்துப்போகிறது. பாலத்துக்கும் வெளிச்சத்துக்கும் படகோட்டிக்கும் முழு மார்க். தட்டுக்குப் பாதி. பேச்சுக்கு அதற்கும் கீழே. ஹேரன்கிராக்ட் 502 வரும்போது பூந்தொட்டியைத் தாண்டிப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் பழவேற்காட்டுக்கும் போய்விட்டு வாருங்கள். அங்கே கைடு கிடையாது, சீஸ் கிடையாது. தண்ணீர் பாட்டில் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலாவது இருக்கும்.