வழி மறிக்கும் ரதி

இலங்கை மலையகக் காமன் கூத்தில் முழுமையாக எழுதப்பட்ட பாத்திரம் காமனின் மனைவி ரதி. பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத் தோட்டங்களில் ஆரவாரம் என்னவோ வீரபத்திரனுக்குத்தான். எமனின் வரவுக்காகவே விடிய விடியக் கண்விழித்திருப்போரும் உண்டு. உருவேறிய ஆட்டமும் தப்புப் பறையின் உச்ச அடியும் சேரும்போது மெய்சிலிர்ப்பது இயல்பே. ஆயினும் வீரபத்திரன் கூத்து நடக்கும் பொட்டலுக்குள் எப்படி வருகிறானோ அப்படியே திரும்பிப் போகிறான். அவனுக்குத் தயக்கம் இல்லை, இழப்பதற்கும் ஒன்றுமில்லை. வேடமும் காலடியும் அவனை நிறைத்துவிடுவதால் பாட்டுக் கட்டியவருக்கு அங்கே வேலை குறைவு.

ரதிக்கு முதலிலிருந்தே ஒரு வேண்டுதல் இருக்கிறது: புருஷன் போகக் கூடாது. தேவர்களின் ஏவலை ஏற்று, சிவனின் தவத்தைக் கலைக்கக் காமன் கிளம்பும்போது அவள் வழி மறிக்கிறாள். பாட்டுக்குப் பாட்டு நடக்கும் அந்தத் தர்க்கமே கூத்தின் உயிர். அவள் கெஞ்சுகிறாள், சிவனின் வல்லமையைச் சொல்லி எச்சரிக்கிறாள், கோபிக்கிறாள். அவனோ தன் கணைக்குத் தப்பியவர் யார் என்கிறான். அவள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஏற்ற வேலையை விட முடியாத அவன் நிலையிலும் நியாயம் இருக்கிறது. யார் பக்கம் நிற்பதென்று பார்ப்பவர் மனம் தடுமாறும் அந்த நேரத்தில் இருவருமே புராணத்தை விட்டு இறங்கி தோட்ட லயத்து மனிதர்களாகிவிடுகிறார்கள்.

காளிதாசனின் குமாரசம்பவத்தில் நான்காம் சருக்கத்தின் பெரும்பகுதி ரதியின் புலம்பல். சொல்லழகில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அதற்கு முந்தைய சருக்கத்தில் அவள் அச்சத்தோடு காமனைப் பின்தொடர்கிறாளே தவிர, தடுத்து வாதாடுவதில்லை. அங்கே துயரம் வந்த பிறகுதான் அவளுக்கு வாய் திறக்கிறது. கூத்தின் ரதி துயரத்துக்கு முன்பே பேசிவிட்டவள். ஆகவே சிவன் காமனை எரித்த பின் அவள் பாடும் ஒப்பாரியில், சொல்லியும் கேளாமல் போனவனைப் பற்றிய ஆற்றாமை கலந்திருக்கிறது. சுற்றி நிற்கும் பெண்கள் தங்கள் சாவு வீடுகளில் அழுத அதே மெட்டுச் சாயலில் அவள் அழும்போது, வேடம் கட்டியிருப்பது ஓர் ஆண் என்பது எவர் நினைவிலும் நிற்பதில்லை.

தேர்ந்த கூத்து மாஸ்டர் ரதிக்கு ஆள் பார்க்கும்போது முகலட்சணத்தை இரண்டாவதாகவே வைப்பார். வழக்காடத் தெரிந்த குரல்தான் முதல் தேவை. கெஞ்சலிலிருந்து கோபத்துக்கு ஏறும்போது சுருதி விலகக் கூடாது. கோபத்திலும் பாசம் வற்றக் கூடாது. பகலில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிவிட்டு இரவில் ஒத்திகைக்கு வரும் இளைஞனிடம் இதை வரவழைக்கப் பல இரவுகள் வேண்டும். இப்போது அந்த இளைஞர்களில் பலர் கொழும்பில் வேலைக்கு இருக்கிறார்கள். பண்டிகைக்குத்தான் ஊர் திரும்புகிறார்கள். மேடை விழாக்களுக்காகக் கூத்தைச் சுருக்குவோர் முதலில் வெட்டுவதும் இந்தத் தர்க்கத்தையே. காமன் வந்தான், எரிந்தான், ரதி அழுதாள் என்று முடித்துவிடுகிறார்கள். வாதாடாத ரதியின் அழுகை எந்தப் பெண்ணுடைய அழுகையாகவும் இருக்கலாம். தீயையும் தப்பையும் வைத்து அந்தக் குறையை நிரப்ப முடியாது.

கடைசியில் சிவனிடம் காமனின் உயிரைக் கேட்டு நிற்பவளும் அவள்தான். வழி மறித்தபோது கேட்டது கிடைக்கவில்லை. இங்கே பாதி கிடைக்கிறது. காமன் எழுவான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணிக்காரர்கள் இரண்டு பக்கமாக நின்று வழக்காட இந்த வரமே இடம் கொடுக்கிறது. ஊரார் கண்ணுக்கு அவன் எரிந்தவன். எரியவில்லை என்பதற்குச் சாட்சி ரதி ஒருத்திதான்.